இருபத்தேழாம் நாள் சூரியன்

தொண்ணூற்றேழில் வனஜாவுக்கு ஏ.சி. அறையும் கணினியும் வந்துவிட்டன. விண்கலங்கள் எங்கோ ஆகாயத்தில் நின்று சூரியக் காற்றின் காந்தத்தை அளந்து அனுப்பின. இவள் உட்கார்ந்த இடத்திலேயே திரையில் பார்த்துக்கொண்டாள். சௌகரியம்தான், யார் இல்லை என்றது. ஆனாலும் ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் பாதி வழியில் அவள் கழுத்து தானாக இடப்பக்கம் திரும்பும். அங்கே ஒரு சவுக்குத் தோப்பு இருந்தது. தோப்பு போய் மனைப் பிரிவாகி, மனைப் பிரிவும் போய் மாடி வீடுகளாகிவிட்டது. எந்த மொட்டைமாடிக்குக் கீழே தன் குடில் இருந்தது என்று அவளால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. அந்த எரிச்சலில் பூந்தமல்லி வரும்வரை யாரோடும் பேசமாட்டாள்.

எண்பத்தாறில் அந்தக் குடிலைக் கட்டியபோது தச்சர் தலையில் அடித்துக்கொண்டார். இரும்பு ஆணி ஒன்றுகூட ஆகாது என்றால் அவர்தான் என்ன செய்வார்? மர முளை, பித்தளைத் திருகு, கயிற்றுக் கட்டு, மேலே ஓலை. உள்ளே ஒரு கருங்கல் தூண்கூட வைக்கவில்லை, அதிலும் காந்தம் இருக்குமாம். சுண்ணாம்புக்கல்லைத் தேடிப் பிடித்து வைத்தார்கள். தூணின் மேல் ஒரு கருவி. அதற்குள் மெல்லிய இழையில் ஒரு காந்த முள் தொங்கும். முன்பக்கக் குழாயில் கண்ணை வைத்துக் குனிந்து பார்த்தால் முள் எந்த எண்ணில் நிற்கிறது என்று தெரியும். தினமும் காலை பத்து மணிக்கு ஆள் போய் அந்த எண்ணைப் பார்த்து எழுத வேண்டும். வேலை அவ்வளவுதான்.

இதற்கா எம்.எஸ்ஸி. படித்தாய் என்று அவள் குடியிருந்த தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் கேட்காத ஆள் இல்லை. வனஜாவும் சளைக்காமல் சொல்வாள். சூரியன் வெயிலை மட்டும் அனுப்புவதில்லை, காற்றும் அனுப்புகிறது. அந்தக் காற்று சூரியனின் காந்தத்தைச் சுமந்துவந்து பூமியின் காந்தத்தில் மோதுகிறது. மோதினால் ஆவடிப் பக்கத்துக் குடிலில் தொங்கும் முள்ளும் இம்மியளவு ஆடும். அந்த ஆட்டத்தை வைத்து சூரியன் என்ன செய்கிறது என்று சொல்லிவிடலாம். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, "அப்ப மழ எப்ப வரும்னு சொல்லுவியா?" என்பார்கள்.

குடிலுக்குப் போகும் ஆட்கள் இரண்டே பேர். ஒருத்தி வனஜா. இன்னொருவன் அவளைப் போலவே ஆராய்ச்சி மாணவன் குணசேகரன். பூந்தமல்லிக்காரன், அப்பாவுக்கு மல்லிகைத் தோட்டம். படிப்பில் சூரன், மற்ற எல்லாவற்றிலும் சோம்பேறி. சட்டைப் பித்தானைச் சரியாகப் போட்டு அவனை யாரும் பார்த்ததில்லை. இருவருக்கும் வழிகாட்டி, பட்டணத்து ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த சண்முகசுந்தரம் சார். ஞாயிறுகூட விடாமல் வனஜாவே அளவெடுப்பாள். அவள் வராத நாளில்தான் குணாவுக்கு வேலை.

குடிலுக்குள் இரும்பு போகக் கூடாது. போனால் முள் சூரியனை விட்டுவிட்டு அந்த இரும்பைப் பார்த்து ஆடும். ஆகவே சைக்கிள் தூரத்தில் புளியமரத்தடியில் நிற்கும். வாசலில் ஒரு பிரம்புக் கூடை. கடிகாரம், சாவி, குடை, டிபன் பாக்ஸ், தலைப்பின், புடவைப்பின் எல்லாம் அதற்குள். குணா ஜிப்பும் பெல்ட்டும் தொல்லை என்று மரத்துக்குப் பின்னால் போய் லுங்கிக்கு மாறிவிடுவான். வனஜா அதற்கும் ஒருபடி மேல். ஆவடி மார்க்கெட்டில் தையல்கடை சுலைமானிடம் போய், எல்லா ரவிக்கைக்கும் கொக்கி வேண்டாம், துணிப் பித்தான் வையுங்கள் என்றாள்.

"இன்னாம்மா இது, கிழவிங்ககூட இப்ப கொக்கிதான் கேக்குது," என்றார் சுலைமான்.

"ஆராய்ச்சிக்கு பாய்."

அவர் 'கொக்கி வேணாம்' என்று சீட்டில் எழுதிக்கொண்டார். அந்த ரவிக்கைகளைப் பற்றி வனஜாவுக்கு உள்ளுக்குள் பெரிய பெருமை. இத்தனை சுத்தமாக அளவெடுக்கிறவள் இந்தியாவிலேயே இருக்கமாட்டாள் என்று நினைத்துக்கொள்வாள்.

வீட்டுக் கதை வேறு. கணவன் மனோகரன் டாங்கித் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். காலைச் சங்கு ஊதியதும் சைக்கிள் வெள்ளத்தில் கலந்து போய், மாலைச் சங்குக்குத் திரும்புகிற சாது மனுஷன். இருவரும் ரயிலில் பார்த்துப் பேசிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். மாமியார் நாகம்மாள் பக்கத்துக் கிராமத்துக்காரி. நிலமெல்லாம் தொழிற்சாலைக்குப் போன பிறகு, அதே நிலத்தில் கட்டிய குவார்ட்டர்ஸில் மகனோடு வந்து குடியிருக்கிறோமே என்று அடிக்கடி சொல்லிச் சிரிப்பாள். நல்ல மனுஷிதான். ஆனால் கல்யாணமாகி ஒரு வருஷம் போய் இரண்டாவதும் ஓட ஆரம்பித்ததும் அவள் வாய் சும்மா இருக்கவில்லை.

மாதாமாதம் அந்த மூன்று நாள் வனஜா பின்னறையில்தான். வீட்டில் அது வழக்கம். வழக்கம் இல்லாவிட்டாலும் அவளால் எழுந்திருக்க முடியாது, இடுப்பு பிய்ந்துபோவது போல வலிக்கும். சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். நாகம்மாள் காபியை வாசற்படியில் வைத்துவிட்டு, "இந்த மாசமும் இப்டித்தானா," என்பாள். திட்டினால்கூடப் பரவாயில்லை. அந்தக் குரலைத்தான் தாங்க முடியாது.  மனோகரன் அன்று மட்டும் சாயங்காலம் ஒரு முழம் பூவோ, பக்கோடாவோ வாங்கிவருவான். அதைப் பார்த்தால் வனஜாவுக்கு இன்னும் அழுகை வரும்.

ஆனால் நாலாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு, பஸ் ஏறித் தோப்புக்குப் போனால் அங்கே ஓர் அதிசயம் காத்திருந்தது.

அளவுகளை வரைபடத்தாளில் புள்ளி வைத்துக் கோடாக இழுத்தால், கோடு சமமாகப் போய் மாதத்துக்கு ஒருமுறை தொப்பென்று கீழே விழுந்தது. இரண்டு மூன்று நாள் பள்ளம். பிறகு பழைய உயரம். அடுத்த பள்ளம் எண்ணி இருபத்தேழாம் நாள். சில தடவை ஒருநாள் முன்னே பின்னே. இதைக் கண்டதும் சண்முகசுந்தரம் சார் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். சூரியன் தன்னைத்தானே ஒரு சுற்று சுற்றுவதை நாம் இங்கிருந்து பார்த்தால் இருபத்தேழு நாள். சூரியனில் ஓர் இடத்திலிருந்து பலத்த காற்று கிளம்பினால், அந்த இடம் சுற்றிவந்து பூமியைப் பார்க்கும் போதெல்லாம் நம் முள் இறங்க வேண்டும். இறங்கியிருக்கிறது. அதுவும் இவ்வளவு ஒழுங்காக. வேறு ஊர்களிலும் இப்படித்தானா என்று ஒப்பிட, அங்கிருந்து அளவுகள் அச்சாகி வர ஒன்றரை வருஷம் ஆகும். அதுவரை காத்திருக்க யாருக்குப் பொறுமை?

"சூரியனோட நாடியப் பிடிச்சிட்டேம்மா நீ," என்றார்.

சார் வாயிலிருந்து அப்படி ஒரு பாராட்டு யாருக்கும் வந்ததில்லை. வனஜா அன்றைக்கு சென்ட்ரலிலிருந்து ஆவடிவரை ரயிலில் நின்றுகொண்டே வந்தாள். உட்கார இடம் இருந்ததுகூடத் தெரியவில்லை. பட்டாபிராம்வரை போகும் தோழி ஒருத்தி, "என்ன, விசேஷமா?" என்று வயிற்றைப் பார்த்துக் கேட்டாள். ஆமாம், அதைவிடப் பெரிய விசேஷம் என்று சொல்ல வாய் துடித்தது.

அவள் இல்லாத நாளில்தான் பள்ளம் விழுகிறது என்று அவளுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். குணாவுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள்.

"நான் லீவு போட்டா போதும், உடனே சேட்டை பண்ணுது பாரு உன் சூரியன்," என்பாள் வனஜா.

"அது நம்ம ராசி வனஜா. நான் வந்து குந்திகினேன்னா சூரியனே ஆடுது, வேற இன்னா?" என்பான் அவன்.

சிரித்தார்களே தவிர யோசிக்கவில்லை. ஆசை வந்துவிட்டால் கண்ணுக்கு முன்னால் இருப்பதுகூடத் தெரியாது, எம்.எஸ்ஸி. படித்தாலும் அப்படித்தான். அதோடு, அந்த மூன்று நாளை அவள் எதோடும் சேர்த்து எண்ண விரும்பவில்லை. அலுவலகத்தில் 'உடல்நலக் குறைவு' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் முடிந்தது.

எண்பத்தெட்டு ஆகஸ்டில் பெங்களூரில் மாநாடு. நாட்டில் சூரியனையும் விண்வெளியையும் ஆராய்கிற பெரிய தலைகள் எல்லாம் வரும் கூட்டம். வனஜாவின் இருபத்தேழு நாள் பள்ளத்துக்கு அங்கே கால்மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அங்கே நன்றாகப் பேசிவிட்டால் பட்டம் கிடைத்த மாதிரி, வேலையும் கிடைத்த மாதிரி.

மே மாதம் பள்ளம் வரவில்லை.

கோடு தேமே என்று நேராகப் போனது. ஒருதடவை தவறலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். ஜூனிலும் வரவில்லை. சூரியன் அந்த வருஷம் நாளுக்கு நாள் உக்கிரமாகிக்கொண்டிருந்தது, கரும்புள்ளிகள் பெருகிக்கொண்டிருந்தன. காற்று நிற்க ஒரு நியாயமும் இல்லை. வனஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் எழுந்தாலே குமட்டியது. எல்லாம் கவலையால் என்று நினைத்தாள்.

சார்கூட முகம் சுண்டிப்போனார். பிறகு, "ஒண்ணு செய்யலாம். கடைசிப் பள்ளம் எப்போ?" என்று கேட்டார்.

"ஏப்ரல் பதினேழு சார்."

"அதோட நிறுத்திக்கோ. ஏப்ரல்வரைக்கும் எடுத்த அளவுன்னு தலைப்புல போட்டுடு. பொய் இல்லையே."

பொய் இல்லைதான். ஆனால் வனஜாவுக்கு அந்த யோசனை தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது.

அன்று மாலையே நாகம்மாள் அவளைத் தொழிற்சாலை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "ரெண்டு மாசமா தலைக்கு ஊத்தல, சோத்தப் பாத்தா ஓடறா. எனக்குத் தெரியும் டாக்டரம்மா. நீ உன் வாயால சொல்லிடு, அது போதும்," என்றாள். டாக்டர் ஜமீலா சிரித்துக்கொண்டே அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, வனஜாவைச் சோதித்தார். கைகழுவிவிட்டு வந்து பேனாவை எடுத்தார்.

"கடைசியா பீரியட்ஸ் என்னைக்கு வந்தது?"

"ஏப்ரல் பதினேழு," என்றாள் வனஜா.

"ஒழுங்கா வருமா? எத்தனை நாளைக்கு ஒருதடவை?"

"இருபத்தேழு நாள். சில தடவை ஒருநாள் முன்னே பின்னே..."

அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது.  காலையில் சாரிடம் சொன்ன அதே தேதி, அதே கணக்கு, அதே வார்த்தைகள்.  டாக்டர் பிரசவம் ஜனவரியில் என்றார், இரும்பு மாத்திரை என்றார், பஸ்ஸில் குலுங்காமல் போகணும் என்றார். வெளியே நாகம்மாளிடம் விஷயத்தைச் சொன்னதும் அவள் அங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, போகிற வருகிறவர்களிடம் எல்லாம், "எம் மருமவ முழுவாம கீறா," என்று சொன்னாள். வனஜாவும் அழுதாள். எல்லாரும் அதைச் சந்தோஷத்தில் வந்த அழுகை என்றுதான் நினைத்தார்கள். பாதி அதுதான்.

சூரியன் இல்லை. அவள் வராத நாளும் குணா வந்த நாளும்தான் அந்தப் பள்ளம். அப்படியானால் இரண்டு பேர் அளவில் யாருடையதோ தப்பு. யாருடையது என்பதில் வனஜாவுக்குச் சந்தேகமே இல்லை. சட்டைப் பித்தான் போடத் தெரியாதவன் ஒழுங்காகவா அளவெடுத்திருப்பான்? மறுநாள் தோப்புக்கு அவனை வரச் சொன்னாள். வந்ததும் வராததுமாக, "லுங்கிக்குள்ள என்ன கட்டியிருக்கே?" என்று கேட்டுவிட்டாள்.

குணா அரண்டுபோனான். "இன்னா வனஜா, இப்டி கேக்கறே?"

விஷயத்தைச் சொன்னாள், டாக்டர் கேட்ட கேள்வியோடு சேர்த்து. முதலில் அவனுக்குக் காது சிவந்தது. பிறகு முகமே தொங்கிவிட்டது. "தோ பாரு, நான் சோம்பேறிதான். ஆனா உள்ள வரச்சொல்ல அரைஞாண்கூட வெறும் கயிறுதான். நம்பலைன்னா நீயே பாரு. நான் குழாயில கண்ண வெச்சிக்கினு இருக்கேன், நீ ஒவ்வொண்ணா கொண்டா."

அவன் குழாயில் கண் வைத்தான். அவன் லுங்கி, சட்டை, கயிறு எதற்கும் முள் அசையவில்லை. வனஜா எண்ணை எழுதிக்கொள்ள அருகில் வந்தாள்.

"ஆடுது," என்றான் குணா.

"என்ன ஆடுது?"

"முள்ளு. நீ கிட்ட வந்தா ஏறுது. தள்ளிப் போ. இப்ப இறங்குது. வா. தோ, ஏறுது."

வனஜா கண்ணாடி வளையல்களைக் கழற்றினாள், மெட்டியைக் கழற்றினாள், மோதிரத்தைக் கழற்றினாள். எல்லாம் வெள்ளி, தங்கம், கண்ணாடி. கழற்ற அவசியமே இல்லை. அப்படியும் ஏறியது. தானே பார்க்கலாமென்று வழக்கம்போல் குழாய்மேல் குனிந்தாள். குனிந்ததும் தாலிச் செயின் முந்தானைக்குள்ளிருந்து முன்னால் தொங்கி, கருவியை ஒட்டி நின்றது. செயினை ஒதுக்கப் பிடித்ததும் விரலில் ஏதோ குத்தியது. கையால் தடவினாள்.

ஊக்கு. தாலிக்குப் பக்கத்தில் ஒரு கொத்து ஊக்கு.

கல்யாணமான மறுநாள் நாகம்மாள் தன் செயினிலிருந்து எடுத்து மாட்டிவிட்டது. அவசரத்துக்கு ஆகும் என்று வனஜாவே அதில் அவ்வப்போது ஒன்றிரண்டைச் சேர்த்திருந்தாள். நம் ஊரில் எந்தப் பெண் தாலியில் ஊக்கு இல்லை? புடவைப்பின்னை ஞாபகமாகக் கூடையில் போட்டவள், கொக்கி இல்லாமல் ரவிக்கை தைத்தவள், இதை மட்டும் பார்க்கவே இல்லை. தாலி தங்கம், தங்கத்தை முள் கண்டுகொள்ளாது, தாலியைக் கழற்றவும் கூடாது. இந்த மூன்றையும் நினைத்தவளுக்கு நாலாவது தோன்றவில்லை. தினமும் குழாய்மேல் குனிந்து, சூரியனை அளக்கிறேன் பேர்வழி என்று, அந்த ஊக்குக் கொத்தையே அளந்திருக்கிறாள். குணா வந்த நாளில் மட்டும் முள் உண்மையைச் சொல்லியிருக்கிறது.

ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு வந்து குனிந்தாள். முள் குணாவின் எண்ணில் நின்றது.

குணா மணலில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். "ஊட்டுக்குப் போ வனஜா. இன்னிக்கு அளவு நான் எடுத்துக்கறேன்," என்றான்.

சண்முகசுந்தரம் சார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மேஜையிலிருந்த மாநாட்டு அழைப்பிதழைக் கையில் எடுத்தார். பிறகு, "மாநாட்டுக்குத் தந்தி அடிச்சிடறேன். உடம்பு சரியில்லை, வரலைன்னு. யாருக்கும் ஒண்ணும் தெரியவேண்டாம்," என்றார்.

"கட்டுரைச் சுருக்கம் அச்சாயிடுச்சு சார். படிக்கிறவங்க நம்பிடுவாங்க. அப்புறம் வேற யாராவது இதே பள்ளத்தைத் தேடுவாங்க."

"அதுக்கு என்ன பண்ணணுங்கறே? கருவிக் கோளாறுன்னு ஒரு வரி எழுதிப் போட்டுடலாம்."

"கருவியில கோளாறே இல்ல சார். அதுதான் ஒழுங்கா இருந்திருக்கு. நான் போய்ச் சொல்றேன்."

"எப்படிச் சொல்லுவே? அத்தனை ஆம்பளைங்க நடுவுல நின்னுக்கிட்டு?" சாரின் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். "இதுக்குத்தான் பொம்பளைப் பிள்ளையை இந்த வேலைக்கு எடுக்காதேன்னு சொன்னோம்பாங்க. எனக்குச் சொன்னவங்களும் அங்கதான் இருப்பாங்க."

அது வனஜாவுக்கும் தெரியும். அந்தப் பயத்தில் தூக்கமில்லாமல் கிடந்தாள். ஆனால் சொல்லாவிட்டால், இனி எந்தக் கோட்டை வரைந்தாலும் தன்னாலேயே அதை நம்ப முடியாது என்றும் தெரிந்தது.

வீட்டில் பெங்களூர் என்ற பேச்சை எடுத்ததுமே நாகம்மாள் குதித்தாள். "மசக்கையோட ரயில்ல போவியா? புத்தி கெட்டுப்போச்சா? அப்டி இன்னா தலைபோற காரியம்?"

வேறு வழியில்லாமல் வனஜா வரைபடத்தாளைக் கொண்டுவந்து கட்டிலில் விரித்தாள். இரண்டு வருஷத்துக் கோடு, கட்டிலின் நீளத்துக்கு. ஊக்கு விஷயத்தைச் சொன்னாள். தன் ஊக்காயிற்றே என்று நாகம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இந்தக் குழி எல்லாம் சூரியனால வருதுன்னு நெனச்சேன் அத்தை. இல்ல. எல்லாம் நான் பின்னறையில படுத்திருந்த நாளு."

நாகம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. குனிந்து, ஒரு பள்ளத்தின்மேல் விரலை வைத்தாள். "இது எந்த மாசம்?"

"தை."

"பொங்க முடிஞ்சு. மனோகரன் கரும்பு வாங்கியாந்து வெச்சான், நீ தொடல." விரல் அடுத்த பள்ளத்துக்குப் போனது. "அப்ப இது மாசி. திருவேற்காட்டுக்கு வேண்டிகினு, மஞ்சப்பொடவ எடுத்து வெச்சிருந்தேன். போவ முடியல." அடுத்ததற்குப் போனது. "இதுல நான் உன்னைப் பேசிட்டேன். எதுத்த ஊட்டுக்காரிக்குக் கேக்கறமாதிரி பேசிட்டேன்."

மேற்கொண்டு அவளால் விரலை நகர்த்த முடியவில்லை. பள்ளங்கள் கட்டிலின் கடைசிவரை வரிசையாக இருந்தன. "இத்தினி வாட்டியா," என்றாள் மெதுவாக. "ஏம்மா, ஒவ்வொரு மாசமும் நாலா நாளு அவ்ளோ சிரிச்சிகினு வருவியே. இத்தப் பாத்தா சிரிச்சே?"

அப்போதுதான் வனஜா உடைந்தாள். அதுவரை ஆராய்ச்சி போயிற்றே என்றுதான் துக்கம். இப்போது, தான் கொண்டாடிக்கொண்டு சாரிடம் ஓடிக் காட்டிய ஒவ்வொரு பள்ளமும் பிள்ளை இல்லாமல் போன ஒரு மாதம் என்பது மாமியார் விரலின் கீழே தெரிந்தது. வரைபடத்தாள் நனையும் என்றுகூடப் பார்க்காமல் அதன்மேலேயே தலையைச் சாய்த்து அழுதாள். நாகம்மாள் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். வாசலில் மனோகரன் செருப்பைக் கழற்றாமல் நின்றான்.

"போவணுமா அந்த ஊருக்கு?" என்றாள் நாகம்மாள் கடைசியில்.

"போகணும் அத்தை."

"அப்ப நானும் வரேன். தனியா எல்லாம் உட மாட்டேன்."

ஆகஸ்டில் பெங்களூரில் நல்ல குளிர். மண்டபம் நிறைய ஆண்கள். கோட்டும் கண்ணாடியுமாக முன்வரிசை. கடைசி வரிசையில் குணாவும், அவன் பக்கத்தில் சால்வையைப் போர்த்திக்கொண்டு, மடியில் வெற்றிலைப் பையோடு நாகம்மாளும். வனஜா மேடையேறினாள். நாலு மாத வயிறு புடவைக்குள் அடங்கித்தான் இருந்தது. வரைபடத்தைத் திரையில் போட்டாள். பள்ளங்களைக் காட்டினாள். இவை சூரியனால் வந்தவை என்று சுருக்கத்தில் எழுதியிருந்தேன், அது தவறு என்றாள். தாலி என்றால் என்ன, அதில் ஊக்கு எதற்கு என்று விளக்கினாள். மாதாமாதம் தான் ஏன் வரவில்லை என்பதை, சுற்றி வளைக்காமல், டாக்டர் கேட்ட அதே ஆங்கில வார்த்தையில் சொன்னாள். எங்கோ ஒருவன் சிரித்தான். இன்னொருவன் இருமினான். முன்வரிசை ஓரத்தில் சண்முகசுந்தரம் சார் குனிந்த தலை நிமிரவில்லை. சரியான அளவுகள் அத்தனையும் திரு. குணசேகரன் எடுத்தவை என்று சொல்லி முடித்தாள்.

கேள்வி உண்டா என்றார் கூட்டத் தலைவர்.  முன்வரிசையில் ஒரு வெள்ளைத்தலை விஞ்ஞானி எழுந்தார். சிரிப்பே தெரியாத முகம். எழுந்தவர் திரையை நோக்கிப் பேனாவை நீட்டினார்.

"உங்கள் விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஓர் ஓட்டை இருக்கிறது. ஊக்குகளைக் கழற்றியது ஜூன் கடைசியில் என்கிறீர்கள். மே மாதமும் ஜூன் மாதமும் அவை உங்களிடம்தான் இருந்தன. விளக்கம் சரியானால் அங்கே இரண்டு பள்ளம் விழுந்திருக்க வேண்டும். கோடு நேராகப் போகிறதே. அதற்கு என்ன காரணம்?"

சொல்லாமல் விட்ட ஒரே விஷயம் அது. வனஜா கடைசி வரிசையைப் பார்த்தாள். நாகம்மாளுக்கு ஆங்கிலம் ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் எதையோ எதிர்பார்த்து, முன்னால் நகர்ந்து உட்கார்ந்திருந்தாள். வனஜா மைக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"அது ஜனவரியில் பிறக்கும், சார்."